சனிக்கிழமை வகுப்பில் ஓர் இடம்

என் மகள் நான்காம் வகுப்புக்குப் போன வருடம், அவள் வகுப்பில் அவள் பெயரிலேயே இன்னொரு பெண் இருந்தாள். இனிஷியலும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பெண்ணின் அப்பா பெயர் 'மு'வில் தொடங்கும். என் வீட்டுக்காரர் பெயர் 'ம'வில். தமிழில் எழுதினால் வேறுபாடு தெரியும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'எம்' தான். குழப்பம் வேண்டாமென்று வகுப்பு டீச்சர் உயரத்தை வைத்து என் மகளைப் பெரியவள் என்றும், அந்தப் பெண்ணைச் சின்னவள் என்றும் கூப்பிட்டு வந்தார். இரண்டும் ஒரே பெஞ்சில் உட்காரும். ஒன்று இல்லாமல் இன்னொன்று தண்ணீர் குடிக்கக்கூடப் போகாது.

எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. நான் வண்டிகளுக்கு வயரிங் செய்யும் ஒரு கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிறேன். வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் வேலை. சின்னவளின் அம்மாவும் என் கம்பெனிதான், ஆனால் கான்ட்ராக்ட். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவள் புருஷன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார்; போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள். எங்கள் தெருவுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிவிட்டிருக்கும் ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில் தாயும் மகளும் இருந்தார்கள். அவளுக்கு இரண்டாம் ஷிப்ட் வந்தால் சின்னவள் பள்ளி விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

பள்ளி திறந்து இரண்டாவது மாதம், ஓர் அறக்கட்டளையிலிருந்து வந்து மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து, வயதை மீறிச் சிந்திக்கிற பிள்ளைகளாகப் பார்த்து இருபது பேரை எடுத்து, படப்பையில் சனிக்கிழமைதோறும் தனி வகுப்பு நடத்தப்போகிறார்களாம். பாடப்புத்தகம் கிடையாது, மார்க் கிடையாது, யோசிக்கக் கற்றுக்கொடுப்பார்களாம். ஆறாம் வகுப்புக்கு நல்ல பள்ளியில் இடம் கிடைக்கவும் உதவி செய்வார்களாம். பரீட்சை முடிந்து மூன்று வாரம் கழித்து, நான் லைனில் நிற்கும்போது தலைமை ஆசிரியை போன் செய்தார்.

"நம்ம ஸ்கூல்லருந்து ஒரே ஒரு பேர்தான் வந்திருக்கு. உங்க பொண்ணு."

சூப்பர்வைசர் பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய நண்பர்கள் சேர்ந்து தெருமுனையில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். சின்னதுதான், ஆனால் அதில் என் மகளின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டு, "எங்கள் ஊரின் அறிவுச்சுடரே" என்று எழுதியிருந்தார்கள். என் மகள் பள்ளிக்குப் போகும்போது அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போவாள். வெட்கப்படுகிறாள் என்று நாங்கள் சிரித்தோம்.

முதல் இரண்டு சனிக்கிழமைகள் அவள் சந்தோஷமாகத்தான் போனாள். ஸ்கூட்டியில் நான் கொண்டுபோய் விட்டு, வகுப்பு முடியும்வரை வெளியே இருந்து கூட்டிவருவேன். ஒரு வாடகைக் கட்டிடத்தின் முதல் மாடி. தரையில் பாய் விரித்து வட்டமாக உட்கார வைத்திருப்பார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் பிள்ளைகள் எழுந்து எழுந்து பேசுவது தெரியும். ஒருவன் பலகையில் எழுதியதை இன்னொருத்தி போய் அழிப்பாள், டீச்சர் அதட்டாமல் "ஏன்?" என்று மட்டும் கேட்பார். இப்படியும் ஒரு வகுப்பு உண்டா என்று எனக்கு மலைப்பாக இருக்கும்.

மூன்றாவது வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. முதலில் சூடு என்று நினைத்து மோர் கொடுத்தேன். பிறகு பூச்சி மாத்திரை. சனிக்கிழமை மத்தியானம் வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் வலி இருக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை திரும்ப வரும். ஜடை நுனியை வாயில் வைத்துக் கடித்துக் கடித்து முடியே பிய்ந்திருந்தது.

"சோம்பேறித்தனம்டி உனக்கு. எத்தினி பேருக்கு கெடைக்கும் இந்த மாதிரி? ஊரே உன்ன பாத்துகினு கீது," என்று நானே திட்டியிருக்கிறேன். 

காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்ததும் படப்பையில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் இளம் பெண், முப்பது வயதிருக்கும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினார்.

"உங்க பொண்ணு ரொம்ப அமைதியா இருக்காங்க. கேட்டா தெரியாதுங்கறாங்க. ஆனா செலக்‌ஷன் டெஸ்ட்ல அவ்வளவு அழகா யோசிச்சிருக்காங்க. ஏதோ பயம் இருக்குன்னு நினைக்கிறேன். வீட்ல கொஞ்சம் தைரியம் கொடுங்க."

சொல்லிவிட்டு ஒரு ஃபைலைக் கொடுத்தார். என் மகள் வகுப்பில் செய்தவை எல்லாம் அதில் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் அந்தத் தேர்வுத் தாள் இருந்தது.

வெளியே வந்து ஸ்கூட்டி சீட்டின் மேல் வைத்துப் பிரித்தேன். பத்துப் படிகள் உள்ள ஒரு படிக்கட்டு. முதல் படிக்கு ஒரு செங்கல், இரண்டாவதுக்கு இரண்டு, இப்படியே பத்தாவதுக்குப் பத்து. மொத்தம் எத்தனை செங்கல் என்று கேள்வி. விடையில் ஒரு படிக்கட்டு வரைந்திருந்தது. அதன் மேல் இன்னொரு படிக்கட்டு தலைகீழாகக் கவிழ்த்து வைத்ததுபோல் வரைந்து, இரண்டும் சேர்ந்து ஒரு பெட்டியாகியிருந்தது. பக்கத்தில், "இதே மாதிரி இன்னொன்றைக் கவுத்து வைத்தால் பெட்டி. பெட்டியில் 110. பாதிதான் நம்முடையது. 55" என்று எழுதியிருந்தது.

படித்ததும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நொடி, தாள் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று பட்டது.

என் மகளுக்கு இடதுகைப் பழக்கம். பென்சிலால் எழுதினால், எழுதியதன் மேலேயே கை தேய்த்துக்கொண்டு போகும். அவள் நோட்டில் ஒரு பக்கம்கூடக் கரி ஈஷாமல் இருக்காது. சுண்டுவிரல் ஓரம் எப்போதும் கரியாக இருக்கும். அந்தத் தாளில் ஓர் இழுப்புகூட இல்லை. எழுத்தும் அவளுடையது இல்லை. நாள் முழுக்க சாம்பிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறம் மாறிய வயரைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. எனக்கு இதைப் பார்க்கத் தெரியாதா?

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. பரீட்சை என்பதால் கவனமாக எழுதியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். ஃபைலை வீட்டுக்குக் கொண்டுவந்து புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சின்னவளின் அம்மாவுக்குக் கம்பெனியில் ஓவர்டைம். பிள்ளைகள் இரண்டும் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தன. நான் வெங்காயம் உரித்தபடியே, ஏதோ சும்மா கேட்பதுபோல் அந்தப் படிக்கட்டுக் கணக்கைக் கேட்டேன். என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். விரலை மடக்கி மடக்கி ஒன்றும் இரண்டும் மூன்று, மூன்றும் மூன்றும் ஆறு என்று கூட்ட ஆரம்பித்தாள். நடுவில் தடுமாறி, திரும்ப ஆரம்பித்து, கடைசியில் "ஐம்பத்து நாலு" என்றாள்.

சின்னவள் கலர் பென்சிலைக் கீழே வைக்கக்கூட இல்லை. "அம்பத்தஞ்சு. இன்னொன்ன கவுத்து வச்சா போதும்லா அத்தை," என்றாள்.

வெங்காயத்தால் கண் எரிந்தது நல்லதாகப் போயிற்று.

எல்லாம் விளங்கிவிட்டது. பட்டியலில் வந்த பெயரைப் பார்த்ததும் தலைமை ஆசிரியைக்கு என் மகள் ஞாபகம் வந்திருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அங்கேயே படிக்கிறவள், கூப்பிட்ட குரலுக்கு எழுந்து நிற்கிறவள், நோட்டு முடிக்கிறவள். சின்னவளோ முந்தைய வருடம் பாதியில் வந்து சேர்ந்தவள். கரும்பலகையில் இருப்பதைப் பாதி எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். விடையை மட்டும் எழுதி, வழியை எழுதாமல் விட்டு மார்க்கை இழப்பாள். அவளாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. எனக்கே தோன்றவில்லையே.

திங்கட்கிழமை காலை போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தெருமுனையில் இருந்த ஃப்ளெக்ஸ் ஒரு காரணம். வீட்டுக்காரர் தன் கம்பெனியில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தது ஒரு காரணம். ஆனால் அவை மட்டும் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என் மகள் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்துவிட்டேன். அந்த வட்டத்துக்குள் இருந்தாலே ஏதாவது ஒட்டிக்கொள்ளும், இன்னும் நாலு வாரத்தில் அவளும் அப்படி யோசிக்க ஆரம்பித்துவிடுவாள் என்று நினைத்தேன். தினமும் நாலு கணக்கு என்று சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தேன். அவள் அழுதுகொண்டே போட்டாள். அவள் சரியாகப் போட்டுவிட்டால் நான் செய்வது தப்பில்லை என்று ஆகிவிடும் என்பதுபோல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாட்களில் எனக்கு வேலையிலும் கவனம் இல்லை. என் டேபிளைத் தாண்டிப் போன ஒரு பாக்ஸ், தப்பு வயரோடு திரும்பி வந்தது. சின்னவளின் அம்மா கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், தூங்குவதுபோல் தலையை ஜன்னலில் சாய்த்துக்கொள்வேன். தலைமை ஆசிரியை போன் செய்தால், விஷயம் தெரிந்துவிட்டதோ என்று தோன்றும். ஆதார் நகல் கேட்கத்தான் கூப்பிட்டிருப்பார்.

மூன்றாவது வாரம், கேன்டீனில் சாப்பிடும்போது சின்னவளின் அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள். தூங்குவதுபோல் நடிக்க முடியாது.

"எக்கா, அரப்பரீச்ச முடிஞ்சதும் பிள்ளைய ஊருக்கு அனுப்பிரலாம்னு இருக்கேன். எங்க அண்ணன் வீட்டுல இருந்து படிக்கட்டும்."

"ஏன்? நல்லாதானே படிக்கிறா?"

"எங்க நல்லா படிக்கா? டீச்சரு வரச் சொல்லி திட்டுதாவ. நோட்டுல ஒண்ணும் இல்ல. உங்க பிள்ள எழுதுன பரீச்சைய இவளும்தான எழுதுனா? படிப்பு வரும்னா நானும் பல்லக் கடிச்சிக்கிட்டு இங்கனயே வச்சிக்கிடுவேன். ஷிப்டுக்குப் போனா பாக்கதுக்கு ஆளில்ல. டிசி கேட்டு எழுதிக் குடுத்துட்டேன்."

நான் தட்டிலிருந்த சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒடம்பு சரியில்லயாக்கா? தண்ணி கொண்டாரட்டா?" என்று கேட்டுவிட்டு, எழுந்துபோய் டம்ளரில் தண்ணீர் பிடித்துவந்து கொடுத்தாள். குடித்தேன். சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான்காவது சனிக்கிழமை. காலையில் மகள் இட்லியைத் தொடவில்லை. திட்டி இரண்டு வாய் ஊட்டி, ஸ்கூட்டியில் ஏற்றினேன். படப்பைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள். ஓரங்கட்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். பிளாட் போட்டுக் கல் நட்டிருந்த ஒரு காலி இடம். ஷேர் ஆட்டோக்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயைக் கழுவிவிட்டேன். அவள் கண்ணைத் துடைக்காமலேயே சொன்னாள்.

"அம்மா, அந்த செங்கல் கணக்கு நான் போடல."

நான் பாட்டிலை மூடினேன்.

"அது அவ போட்டது. ரெண்டாவது வாரம் மிஸ் எல்லாருக்கும் போர்ட்ல போட்டுக் காட்டி, இத போட்டது இவங்கதான்னு என்ன நிக்க வெச்சி கை தட்டச் சொன்னாங்க. நான் இல்லன்னு சொல்றதுக்குள்ள தட்டிட்டாங்கம்மா."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ அழுதல்ல, சந்தோஷமா. அப்பா போட்டோ வெச்சாருல்ல." புறங்கையால் மூக்கைத் துடைத்து, "உனக்குந்தான் தெரியும். அன்னிக்கி வெங்காயம் உரிச்சிகினே கேட்டியே, அப்பவே உனக்குத் தெரிஞ்சிடுச்சின்னு எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் சொல்லல. அதான் நானும் சொல்லல," என்றாள்.

ஒன்பது வயதுப் பிள்ளை. இரண்டு மாதத்துக்கும் மேலாக அதை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதில் நான்கு வாரம், அம்மாவும் சேர்ந்து ஒளிக்கிறாள் என்று தெரிந்தே இருந்திருக்கிறாள்.

"அம்மா, நான் மக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன். கட்டிப்பிடித்துக்கொண்டு நாலைந்து முறை சொன்னேன். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்தோம்.

வீட்டுக்காரரிடம் சாயங்காலம் சொன்னேன். புடவைக்கு அடியிலிருந்த தாளையும் எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கு நாம இன்னா பண்ண முடியும்? தப்பு பண்ணது அவங்க. நாமளா போய் கேட்டோம்?"

"அந்தப் பொண்ண ஊருக்கு அனுப்பறாங்க."

"அவங்க புள்ள, அவங்க அனுப்பறாங்க. நீ போய் சொன்னா நாளைக்கி நம்ம பொண்ண ஸ்கூல்ல இன்னா சொல்லுவாங்க? திருடின்னு சொல்லுவாங்க. வுடு. இன்னும் அஞ்சு மாசம், தானா முடிஞ்சிடும்."

"அவ இன்னிக்கி ரோட்ல வாந்தி எடுத்தா."

அவர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அரைமணி நேரம் கழித்து வந்தபோது அந்த ஃப்ளெக்ஸைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தார். கட்டுக்கம்பி கிழித்து விரலில் ரத்தம் வந்திருந்தது. தெருவில் பார்த்தவர்கள் கேட்டதற்கு, காற்றில் கிழிந்துவிட்டது என்று சொன்னாராம். அதைக் குளியலறைக்கு மேலே சொருகி வைத்துவிட்டு, "திங்கக்கெழம லீவு போட்டுட்டு நீ போய் சொல்லு. என்னால வர முடியாது. தப்பா நெனக்காத," என்றார்.

திங்கட்கிழமை படப்பைக்குத் தனியாகத்தான் போனேன். அந்த ஒருங்கிணைப்பாளர் முன் உட்கார்ந்தேன். தாளை மேஜையில் வைத்து, "இது என் பொண்ணு எழுதினது இல்லீங்க," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் தேடி, பரீட்சை எண்ணைப் பள்ளி வருகைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அது சின்னவளின் எண்.

"எங்க மேலயும் தப்பு. பேரை மட்டும் அனுப்பியிருக்கோம், எண்ணை அனுப்பல," என்றார். பிறகு, "உங்க பொண்ணை நாங்க வெளியே அனுப்பமாட்டோம்மா. இந்த வருஷம் முழுக்க வரட்டும். இன்னும் ஒரு பாய் போட எங்களுக்கு இடம் இருக்கு. ஆனா உங்க பொண்ணையே கேளுங்க, வர விருப்பமான்னு," என்றார்.

நான் தலையாட்டினேன்.

"அந்தக் குழந்தையோட அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நாங்க சொல்லட்டுமா?"

சொல்லுங்கள் என்று சொல்லத்தான் வாய் வந்தது. கேன்டீனில் அவள் பிடித்துக்கொடுத்த தண்ணீர் ஞாபகம் வந்தது. "நான் சொல்றேன்," என்றேன்.

அவளுக்கு அந்த வாரம் முதல் ஷிப்ட். நான்கு மணிக்குமேல் அவள் அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. சின்னவளின் யூனிஃபார்மைத் துவைத்து உள்ளேயே கயிற்றில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சுவரோரம் ஒரு டிராவல் பேக் பாதி நிரம்பி இருந்தது. சின்னவள் என் வீட்டில் என் மகளோடு இருந்தாள்.

"வாங்கக்கா, உக்காருங்க."

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பயம். முதலில் அவளுக்குப் புரியவில்லை.

"என்ன சொல்லுதிய? எம்பிள்ள பாஸா?"

"பாஸ் மட்டும் இல்ல. நம்ம ஸ்கூல்லயே அவ ஒருத்திதான். அந்த இடம் அவளுது. பேரு மாறிப்போச்சு."

அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். "படிப்பு வரலன்னுல்லா நெனச்சேன்! மக்கு மக்குன்னு ஏசிட்டு இருந்தேனே பாவி!" என்றவள் திடீரென்று நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பம் தெரியும்?"

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. இன்றைக்குத்தான் கூப்பிட்டுச் சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒருங்கிணைப்பாளர் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்.

"நாலு வாரமா," என்றேன்.

அவள் கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். அதில் பிழிவதற்குத் தண்ணீர் இல்லை.

"நான் கேன்டீன்ல வச்சி சொல்லும்போது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நேத்தைக்குக் காலைல, வாய்ப்பாடு சொல்லலன்னு கரண்டிய வச்சி அடிச்சேன்க்கா பிள்ளைய. முட்டில தடிச்சி கெடக்கு." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "நீங்க வீட்டுக்குப் போங்க. பிள்ளைய அனுப்பி விடுங்க."

அதற்குமேல் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கம்பெனி பஸ்ஸில் அவள் முன் சீட்டுக்கு மாறிவிட்டாள். மறுநாள் பள்ளிக்குப் போய் டிசி வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாள். படப்பையிலிருந்து தகவல் போனதும், தலைமை ஆசிரியை எல்லார் முன்னாலும் சின்னவளைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்து, "நீ அமைதியா இருந்தா எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாராம். என் மகள் வந்து சொன்னாள். வகுப்பில் இரண்டு பையன்கள் என் மகளை 'டூப்ளிகேட்' என்று கூப்பிட்டார்கள். ஒரு வாரம் கூப்பிட்டார்கள். சின்னவள் அதில் ஒருவன் கையைக் கடித்துவிட்டதாக டீச்சர் புகார் சொன்னார். பெரியவர்களுக்குள் நடந்தது எதுவும் அந்த இரண்டுக்கும் நடுவில் போகவில்லை.

சனிக்கிழமை வகுப்புக்குத் தொடர்ந்து போகலாம் என்று மகளிடம் சொன்னேன். "நான் வரல," என்றாள். கட்டாயப்படுத்தவில்லை. அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பயம் தெளிந்து, தன் சொந்தப் பெயரில் அங்கே உட்கார்ந்திருந்தால் அவளுக்கும் ஏதாவது திறந்திருக்குமோ? அல்லது அங்கே இருபது பேருக்கு நடுவில் இன்னும் சுருங்கிப் போயிருப்பாளோ? கேட்டால் சொல்ல ஆளில்லை. வயிற்றுவலி மட்டும் மூன்று வாரத்தில் நின்றுவிட்டது.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னவளின் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"நாளைக்கி எனக்கு ஷிப்டு. சனிக்கெழம லீவு குடுக்க மாட்டாவ. நீங்கதான இவ்வளவு நாளும் கொண்டு விட்டிய? இனியும் நீங்களே கொண்டு விடுங்க."

அது உதவி கேட்பதுபோல் இல்லை. நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சரி என்றேன்.

மறுநாள் சின்னவள் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு படப்பை வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். கன்டெய்னர் லாரியில் எத்தனை சக்கரம், ஏன் அத்தனை, ஒன்று பஞ்சரானால் மற்றவை எவ்வளவு தாங்கும் என்று. எனக்குப் பாதிக்குமேல் பதில் தெரியவில்லை. உள்ளே போனவள் பாயில் உட்காரவே இல்லை. நேராகப் பலகைக்குப் போய் யாரோ எழுதியிருந்ததை உற்றுப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "உங்க பொண்ணு வேற ஒருத்தி வருவாளே, உயரமா?" என்று கேட்டாள். "அவ வரல. இது அவ பிரெண்ட்," என்றேன். சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப்போய், வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டேன். வகுப்பு முடியும்வரை மேலே போகவில்லை. ஒரு மாதம் அப்படித்தான் இருந்தேன். பிறகு பழகிவிட்டது.

இப்போது இருவரும் ஐந்தாம் வகுப்பு. சின்னவள் இரண்டாவது வருடமாகப் போகிறாள். இப்போதும் நோட்டு முடிப்பதில்லை. ஆனால் டீச்சர் முன்போல் திட்டுவதில்லை. அவள் அம்மா இப்போது என்னோடு பேசுகிறாள், வேலை விஷயம், பஸ் விஷயம். எக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருவதில்லை.

என் மகள் எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் தன் பெயரை எழுதி, இனிஷியலுக்குப் பதிலாக அப்பாவின் முழுப் பெயரையும் எழுதுகிறாள். வீட்டுப்பாட நோட்டில்கூட. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பரீட்சை விடைத்தாள் திரும்பி வந்தால் மார்க்கைப் பார்க்குமுன் பெயரைப் பார்க்கிறாள்.

போன மாதம் அறக்கட்டளைக்காரர்கள் திரும்பவும் வந்து பரீட்சை வைத்தார்கள். இந்த முறை ஒவ்வொரு பிள்ளைக்கும் போட்டோ ஒட்டிய அட்டை. நான் அவளிடம் எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு சாயங்காலம் அவள் வந்து பையை வைத்தபோது சுண்டுவிரல் ஓரம் முழுக்கப் பென்சில் கரி அப்பியிருந்தது.

"எழுதினியா?"

"எழுதினேன்."

எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை.  கை கழுவிக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. வேலை நேரத்தில் போன் அடித்தால், எடுப்பதற்கு முன் இரண்டு நொடி கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.